விளையாட்டு குழந்தையை வளர்க்கிறதா? ஒரு பழைய கேள்வியும் இன்றைய சான்றுகளும்

குழந்தை விளையாடுவதால் வளர்கிறதா, வளர்வதால் விளையாடுகிறதா? இதற்கு என்ன விடை சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பல நடைமுறை முடிவுகள் அமைகின்றன. அங்கன்வாடியின் காலை நேரத்தை எப்படிச் செலவிடுவது, எல்கேஜி பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாமா, நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் தாயும் தகப்பனும் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு கட்டை அடுக்கியே ஆக வேண்டுமா என எல்லாமே இந்த விடையில் தொங்குகின்றன.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தத்துவவாதிகளும் கல்வியாளர்களும் உளவியலாளர்களும் இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொன்னவற்றுள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. விளையாட்டு என்ற செயலே வளர்ச்சியை உண்டாக்குகிறது என்பது ஒன்று. விளையாட்டை ஒட்டிப் பெரியவர் காட்டும் கவனமும் பேச்சும் பொறுமையும் அதை உண்டாக்குகின்றன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் சான்றுகள் தெளிவாகத் தெரிகின்றன. பிரிக்காமல் விட்டதே இத்துறையின் பெரிய பலவீனம் என்று தோன்றுகிறது.

மிச்ச சக்தியும் ஒத்திகையும்

ஜெர்மன் கவிஞர் ஷில்லர் 1795இல் வெளியிட்ட அழகியல் கடிதங்களிலும், பின்னர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் உளவியல் நூலிலும் வருவது மிச்ச சக்திக் கருத்து. உயிர் பிழைக்கச் செலவானது போக எஞ்சிய ஆற்றல் விளையாட்டாக வழிகிறது என்பது அதன் சாரம். ‘ஓடியாடித் தீர்த்துவிட்டு வரட்டும்’ என்று இன்றும் நாம் பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது இக்கருத்தே பேசுகிறது. ஆனால் களைத்துக் கண் சொக்கும் குழந்தையும் விளையாட்டை விட மறுக்கிறது. மிச்சம் வழிவதுதான் விளையாட்டு என்றால் அது ஏன் சமையலாகவும் கடையாகவும் கல்யாணமாகவும் உருவெடுக்கிறது என்பதற்கும் இங்கே விடை இல்லை.

ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் குரூஸ் 1896இல் விலங்குகளின் விளையாட்டையும் 1899இல் மனிதரின் விளையாட்டையும் பற்றி நூல்கள் எழுதினார். பூனைக்குட்டி நூற்கண்டைத் துரத்துவது வேட்டைக்கு ஒத்திகை, குழந்தையின் விளையாட்டு வாழ்க்கைக்கு ஒத்திகை என்றார். இன்றைய பெரும்பாலான பரிந்துரைகளின் வேர் இதுதான். எதற்கு ஒத்திகை, ஒத்திகை பார்க்காத குழந்தை எதை இழக்கிறது என்பதை மட்டும் அவர் காட்டவில்லை. சகாக்களோடு கட்டிப் புரள வாய்ப்பின்றி வளர்ந்த எலிகள் பின்னாளில் மற்ற எலிகளோடு பழகத் தடுமாறுவதைச் செர்ஜியோ பெல்லிஸ் போன்றோரின் ஆய்வகங்கள் பின்னர் காட்டின. அதை மனிதக் குழந்தைக்கு நேராகப் பெயர்ப்பதில் எச்சரிக்கை தேவை.

ஃபுரோபெல், மாண்டிசோரி, நம் அங்கன்வாடி

கல்விக்கூடத்துக்குள் விளையாட்டைக் கொண்டுவந்தவர் ஃபிரெடரிக் ஃபுரோபெல். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஜெர்மானியச் சிற்றூரில் அவர் தொடங்கிய நிறுவனம் 1840இல் கிண்டர்கார்டன் என்ற பெயர் பெற்றது. நூல் பந்து, மரக் கோளம், கனசதுரம், உருளை என வரிசைப்படுத்திய பொருள்களைக் குழந்தைகளின் கையில் கொடுத்தார். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோஷலிசமும் அவற்றின் வழியே பரவும் என்பது அதன் அச்சம். தடை 1860இல்தான் நீங்கியது, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ஃபுரோபெல் இறந்துவிட்டார்.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் திறந்தார். பொம்மைகளும் இருந்த அறையில் குழந்தைகள் நீர் ஊற்றவும் பெருக்கவும் பொத்தான் போடவும் விரும்பி வந்ததைக் கண்டு, சிறு குழந்தைக்கு வேண்டியது கற்பனை ஆட்டத்தைவிட உண்மையான வேலை என்ற முடிவுக்கு வந்தார். இருவரும் குழந்தையின் கைகளை நம்பியவர்கள். பாவனை விளையாட்டுக்கு என்ன மதிப்பு என்பதில் மட்டும் எதிரெதிரே நின்றார்கள்.

இந்த வாதம் நம் மண்ணையும் தொட்டிருக்கிறது. மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, அதில் சில காலம் கொடைக்கானலில் கழிந்தது. அவருக்கு முன்பே, 1920இல், குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா மாண்டிசோரி முறையோடு கதையையும் பாட்டையும் நாடகத்தையும் சேர்த்துக்கொண்டார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அதை மகாராஷ்டிரக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். ‘அங்கன்வாடி’ என்ற எண்ணம் அங்கே முளைத்தது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் அந்தப் பெயரை நாடு முழுக்கப் பரப்பியது.

இவை எல்லாம் கூர்மையான கவனிப்பிலும் ஆழ்ந்த நம்பிக்கையிலும் பிறந்தவை. ஒப்பிட்டுச் சோதித்து எட்டிய முடிவுகளாக அவற்றைக் கொள்ள முடியாது.

பியாஜேயும் வைகாட்ஸ்கியும்

சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜேக்கு விளையாட்டு வளர்ச்சியின் அறிகுறி. குழந்தை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததற்குள் உலகத்தை இழுத்துப் பொருத்திக்கொள்கிறது, குச்சியைக் குதிரையாக்குகிறது. புதிதாகக் கற்பது வேறு இடத்தில் நடக்கிறது. சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய உரையில் இதைத் தலைகீழாக்கினார். விளையாட்டில் குழந்தை தன் வயதைவிட உயர்ந்து நிற்கிறது என்றார். அம்மாவாக நடிக்கும் சிறுமி அம்மாவுக்குரிய விதிகளுக்குக் கட்டுப்படுகிறாள், நினைத்ததைச் செய்ய முடியாமல் தன்னை அடக்கிக்கொள்ளப் பழகுகிறாள். சுதந்திரம் என்று நாம் நினைக்கும் ஆட்டத்தில் அவர் கட்டுப்பாட்டைக் கண்டது உண்மையிலேயே பெரிய உள்ளொளி.

இதற்குச் சோதனை ஆதரவும் ஓரளவு உண்டு. காவல்காரராக நடித்த குழந்தைகள் சும்மா நிற்கச் சொன்னபோது நின்றதைவிட அதிக நேரம் அசையாமல் நின்றார்கள் என்று 1948இல் சோவியத் ஆய்வாளர் மானுய்லென்கோ காட்டினார். சலிப்பூட்டும் வேலையில் தங்களைப் பேட்மேனாகக் கற்பித்துக்கொண்ட குழந்தைகள் கூடுதல் நேரம் நிலைத்திருந்தார்கள் என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆனால் இவை காட்டுவது நடிக்கும் அந்த நேரத்து உயர்வை. ஆட்டம் முடிந்த பிறகும் அந்த அடக்கம் குழந்தையிடம் தங்குகிறதா என்பதுதான் வைகாட்ஸ்கியின் கூற்றுக்கு உரைகல். அங்கே சான்று மெலிந்துபோகிறது.

நம்பிக்கையை உரசிப் பார்த்தவர்கள்

1970களில் விளையாட்டு படைப்பாற்றலை வளர்க்கிறது என்று சோதனைகள் வரிசையாக வந்தன. ஒரு பொருளை வைத்துச் சற்று நேரம் விளையாடிய குழந்தைகள், அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது கூடுதல் யோசனைகள் சொன்னார்கள் என்ற 1973ஆம் ஆண்டு ஆய்வு மிகவும் பேசப்பட்டது. இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் ஸ்மித் இதில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: விடைகளைப் பதிவு செய்தவருக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியுமா? தெரிந்திருந்தால் அவரை அறியாமலே தூண்டுதலும் சலுகையும் நுழையும். குழு எது என்று அறியாத ஒருவரை வைத்து 1987இல் அவரும் விட்னியும் சோதித்தபோது விளைவு மறைந்துபோனது.

இஸ்ரேலில் சாரா ஸ்மிலான்ஸ்கி 1960களில் செய்த பணிக்கும் இதே கதி நேர்ந்தது. வறிய குடும்பப் பிள்ளைகளுக்குக் கூட்டாகப் பாவனை விளையாட்டு ஆடப் பழக்கினால் மொழியும் சிந்தனையும் உயர்கின்றன என்றார் அவர். ஸ்மித் குழுவினர் ஒப்பீட்டுக் குழுவின் குழந்தைகளோடும் பெரியவர்கள் அதே அளவு நேரம் வேறு வேலைகளில் ஈடுபடும்படி செய்து பார்த்தார்கள். வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்தது. பிள்ளைகளுக்கு உதவியது பாவனையா, பக்கத்தில் இருந்த பெரியவரா என்ற ஐயம் அன்றுமுதல் இத்துறையை விட்டு நீங்கவில்லை.

ஏஞ்சலின் லில்லார்டும் சகாக்களும் 2013இல் ‘சைக்கலாஜிக்கல் புல்லட்டின்’ ஆய்விதழில் பாவனை விளையாட்டு பற்றிய நாற்பதாண்டு ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். மூன்று நிலைகளை முன்வைத்தார்கள்: பாவனை விளையாட்டு இன்றியமையாத காரணம்; அது பல வழிகளில் ஒரு வழி; அது வேறேதோ காரணத்தோடு கூடவே வரும் நிழல். படைப்பாற்றல், அறிவுத்திறன், பிறர் மனத்தை அறிதல் ஆகியவற்றில் முதல் நிலைக்கு நல்ல ஆதரவு இல்லை, சிக்கலைத் தீர்க்கும் திறனில் தொடர்பே உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். மொழி, கதை சொல்லும் திறன், உணர்ச்சியை ஆளும் திறன் ஆகியவற்றில் மூன்று நிலைகளுக்கும் இடம் உண்டு, தீர்மானிக்கத் தரவு போதாது. லில்லார்ட் மாண்டிசோரிக் கல்வியை ஆராய்பவர் என்பதைச் சிலர் சுட்டினார்கள். இயல்பாக ஆடும் ஆட்டத்தை ஆய்வகத்தின் பத்து நிமிடத்தில் அளக்க முடியாது என்றும் மறுப்பு வந்தது. அந்த இரண்டாவது மறுப்பு நியாயமானது. ஆனால் அளக்க முடியாதது நிரூபணமாகிவிடாது.

கிங்ஸ்டனில் தொடங்கிய பாதை

வேறொரு திசையிலிருந்து வந்த ஆய்வு இந்தக் கேள்வியின் முகத்தையே மாற்றியது. 1980களின் நடுவில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சாலி கிராந்தம்-மெக்ரெகர் குழுவினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்த, 9 முதல் 24 மாதம் வரையிலான 129 குழந்தைகளைத் தேர்ந்து நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பால் சார்ந்த ஊட்ட உணவு. இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, குழந்தையோடு எப்படி விளையாடிப் பேசுவது என்று தாயிடம் காட்டினார். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. பொம்மைகள் பெரும்பாலும் வீட்டில் கழித்த பொருள்களில் செய்தவை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது.

சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுள் 105 பேரைத் தேடிப் பிடித்தார்கள். விளையாட்டு வருகை பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களுடையதைவிட 25 விழுக்காடு உயர்ந்திருந்தது என்று 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் பொருளியலாளர் கெர்ட்லர் குழுவினர் எழுதினார்கள். ஊட்ட உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய உயர்வு தெரியவில்லை. குழந்தை வளர்ச்சித் திட்டங்களுக்காக வாதாடுவோர் எல்லோரும் இன்று எடுத்துக்காட்டும் முடிவு இது. மாதிரி மிகச் சிறியது என்பதை அவர்களுள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கொலம்பியாவில் 96 நகராட்சிகளில் 1,420 குழந்தைகளை வைத்து இதே முறையை 18 மாதம் நடத்தியபோது அறிவுத்திறன் உயர்ந்தது. முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அந்த உயர்வைக் காணவில்லை. ஒடிசாவின் கிராமங்களில் வீட்டு வருகையையும் தாய்மாரைக் கூட்டி நடத்தும் குழு அமர்வையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பயன் தந்தன, குழு அமர்வுக்கு ஆன செலவோ மிகக் குறைவு. நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஜமைக்காவின் புகழ்பெற்ற எண்ணைவிட இந்த ஒடிசா முடிவு அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.

இத்திட்டங்களில் குழந்தைக்குக் கிடைத்தது விளையாட்டு மட்டுமா? தாயின் பேச்சு கிடைத்தது. குழந்தை ஒலி எழுப்பினால் யாரோ திரும்பி விடை சொல்வது கிடைத்தது. தாய்க்கும் வாரந்தோறும் தன்னை மதித்துப் பேச ஓர் ஆள் கிடைத்தார். இவற்றில் எது வேலை செய்தது என்று இந்தச் சோதனைகளால் பிரித்துச் சொல்ல முடியாது.

வழிநடத்திய விளையாட்டு

சொல்லிக்கொடுப்பதா, விட்டுவிடுவதா என்ற சண்டைக்கு நடுவழி காண முயன்றவர்கள் கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் முதலியோர். பெரியவர் களத்தை அமைப்பார், சிறு கேள்வியால் தூண்டுவார், ஆட்டத்தின் கடிவாளம் குழந்தையின் கையில் இருக்கும். 39 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டுத் திறனாய்வு ஒன்று, தொடக்கக் கணிதத்திலும் வடிவங்களை அறிவதிலும் இது நேரடிப் போதனையைவிடச் சற்று மேல் என்று கண்டது. மற்றப் பெரும்பாலான திறன்களில் தெளிவான வேறுபாடு இல்லை. பெரியவர் ஒரு பொம்மையின் ஒரு வேலையை மட்டும் செய்துகாட்டிக் கற்பித்தால், அதன் மற்ற வேலைகளைக் குழந்தை தேடிப் பார்ப்பது குறைகிறது என்ற 2011ஆம் ஆண்டு ஆய்வும் இங்கே நினைக்கத் தக்கது.

வழிநடத்திய விளையாட்டு என்ற கருத்துக்கு மிகக் கடுமையான சோதனை டில்லியில் நடந்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 குழந்தைகளைக் கொண்டு எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கணித விளையாட்டுகளைச் சோதித்தார்கள். எது அதிகம், எது குறைவு என்று கண்ணால் மதிப்பிடும் திறன் உயர்ந்தது, ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. முதல் வகுப்பின் எழுத்துக் கணக்கில் அது உதவவில்லை. ஆட்டம் தான் பழக்கிய திறனை நன்றாகவே பழக்கியது. பள்ளி கேட்டது வேறு திறன். ஆட்டத்திலிருந்து எண்ணுக்கும் குறிக்கும் பாலம் போடுவது தனி வேலை என்பதை இந்த முடிவு உணர்த்துகிறது.

பெற்றோரின் பங்கு

உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் செய்த ஆய்வுகளிலிருந்து பெற்றோரின் போக்குகளை வகைப்படுத்தினார். அன்பும் உறுதியும் சேர்ந்த போக்கு, அடக்கி ஆள்வதையும் கட்டற்று விடுவதையும் விட நல்லது என்ற கருத்து அங்கிருந்து உலகெங்கும் பரவியது. இது தொடர்பு காட்டும் தரவு, காரணம் காட்டுவதன்று. இணக்கமான பிள்ளையோடு அன்பாக இருப்பது எளிது என்ற மறுதிசையும் உண்மையாக இருக்கலாம். சீனக் குடும்பங்களின் கண்டிப்பை இந்த வகைகளுக்குள் அடக்க முடியாது என்று ரூத் சாவோ 1994இல் வாதிட்டார். கண்டிப்பு அங்கே அக்கறையின் வடிவமாகவும் இருக்கிறது என்பது அவர் வாதம். தமிழ்க் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சோதனையில் தேறியது வேறொரு மரபு. கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் 1960களின் இறுதியில் வகுத்த இரண்டு கட்டப் பயிற்சியில் முதல் கட்டமே விளையாட்டு. பெற்றோர் தினமும் சில நிமிடம் குழந்தையின் ஆட்டத்தில் பின்தொடர்பவராக இருக்க வேண்டும். கட்டளை கூடாது, குறை சொல்லக் கூடாது, குழந்தை செய்வதை வாயால் விவரித்தால் போதும். இரண்டாம் கட்டத்தில்தான் தெளிவான விதிகளும் ஒழுங்கும் வருகின்றன. இதிலிருந்து கிளைத்த ஷீலா ஐபெர்க், கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் ஆகியோரின் திட்டங்கள், மிகுந்த அடமும் மூர்க்கமும் காட்டும் பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் தருவதைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியுள்ளன. அத்தகைய சிக்கல் இல்லாத சாதாரணக் குழந்தைகளுக்கு இதே பயிற்சி எவ்வளவு கூட்டுகிறது என்பது அத்தனை உறுதியாக இல்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த டிரிபிள்-பி என்ற பெற்றோர் பயிற்சித் திட்டத்தின் ஆய்வுகளில் பெரும்பகுதி அதை உருவாக்கியவர்களோடு தொடர்புள்ளவர்கள் செய்தவை என்ற விமர்சனம் 2012லும் 2013லும் எழுந்தது.

அடிப்பது பற்றி மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம். அடித்து வளர்ப்பதால் நீண்டகால நன்மை உண்டு என்று காட்டும் நம்பத்தக்க ஆய்வுத் தொகுப்பு இல்லை. தீங்கோடு தொடர்பு காட்டுபவை நிறைய உள்ளன.

மானுடவியலின் எதிர்வாதம்

தாய் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவது மனித இயல்பு என்ற எண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்தியவர் மானுடவியலாளர் டேவிட் லான்சி. லைபீரியாவின் கப்பெல்லே மக்களிடையே ஆய்ந்த அவர், உலகின் பெரும்பாலான சமூகங்களில் குழந்தையின் விளையாட்டுத் தோழர்கள் மற்றக் குழந்தைகளே என்று 2007இல் எழுதினார். படித்த நடுத்தர வர்க்கத்தின் பழக்கத்தை எல்லோர்க்கும் மருந்தாக எழுதித் தருவது தவறு என்பது அவர் நிலை. பார்பரா ரோகாஃப் குவாத்தமாலா, அமெரிக்கா, துருக்கி, இந்தியப் பழங்குடிக் கிராமம் ஆகியவற்றை ஒப்பிட்டு 1993இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. பெரியவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே இருந்து கூர்ந்து பார்த்துக் கற்கும் குழந்தைகளை அவர் குவாத்தமாலாவிலும் அந்த இந்தியக் கிராமத்திலும் கண்டார்.

நம் இலக்கியம் இதில் இரு பக்கமும் பேசுகிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் பாதிக்கு மேல் ஆட்டங்களே. செங்கீரையிலும் சப்பாணியிலும் அம்புலியிலும் பெரியவர் குழந்தையைக் கொஞ்சி ஆட வைக்கிறார். சிற்றிலில் சிறுமியர் தங்கள் மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுவனிடம் கெஞ்சுகிறார்கள், அங்கே பெரியவர் இல்லை. கைக்குழந்தைக்குப் பெரியவர், நடக்கும் குழந்தைக்குச் சகாக்கள் என்ற இந்த வரிசை கவனிக்கத் தக்கது. ஆனால் பாட்டுடைத் தலைவர்கள் பெரும்பாலும் தெய்வங்களும் அரசர்களும். கூலிக்குப் போன தாயின் குடிசையில் என்ன நடந்தது என்று அப்பாடல்கள் நமக்குச் சொல்லவில்லை.

லான்சியின் எச்சரிக்கை சரி. ஆனால் அவர் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தெருவும் திண்ணையும் அக்கா அண்ணன்மாரும் இருந்த ஊரில் குழந்தைக்குப் பெற்றோர் விளையாட்டுத் தோழராக வேண்டிய தேவை இல்லை. பூட்டிய அடுக்குமாடி வீட்டில் ஒற்றைப் பிள்ளைக்கு அந்தத் தெருவை யார் தருவார்கள்?

இன்னும் திறந்திருப்பவை

கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், பாவனை விளையாட்டு இல்லாமல் அறிவு வளராது என்ற வலுவான கூற்றை ஏற்க முடியவில்லை. பதில் சொல்லும் பெரியவர் ஒருவர் குழந்தைக்குத் தொடர்ந்து கிடைத்தால் பயன் உண்டு என்பதற்கு, குறிப்பாக வறுமையில் உள்ள குழந்தைகளுக்கு, நல்ல ஆதரவு இருக்கிறது. விளையாட்டு அத்தகைய சந்திப்புக்கு வசதியான இடம், ஒரே இடம் என்று சொல்வதற்கில்லை. கீரை ஆயும்போதும் குளிப்பாட்டும்போதும் நடக்கும் பேச்சை அதோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட நல்ல சோதனைகள் மிகக் குறைவு. கொலம்பியாவில் மறைந்த பயன் ஜமைக்காவில் ஏன் நிலைத்தது, தகப்பன்மாரும் தாத்தா பாட்டிகளும் பயிற்சி பெற்றால் என்ன ஆகும் என்பனவும் தீராத கேள்விகள்.

பயன் நிரூபணமானால்தான் குழந்தை விளையாடலாம் என்ற நிலையும் தேவையில்லை. 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டை உரிமையாகவே வைத்துள்ளது, இந்தியா 1992இல் அதை ஏற்றது. விளையாடும் குழந்தை மகிழ்கிறது என்பதே போதுமான நியாயம்.

பெற்றோருக்கு அறிவுரை எழுதுவதைவிட அவர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நேரம் கிடைக்கச் செய்வதே முதல் தேவை என்று இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் தோன்றுகிறது. அதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடி மையங்களில் நடந்த ஆய்வில், பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் இரட்டித்தது. தொடர்ந்து மையத்துக்கு வந்த குழந்தைகளின் மொழி, கணித மதிப்பெண்கள் 18 மாதத்தில் உயர்ந்தன. ஏற்கெனவே இருந்த பணியாளருக்கும் ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அங்கே குறைந்தன. அந்தக் கூடுதல் நேரத்தில் எவ்வளவு பாடம், எவ்வளவு விளையாட்டு இருந்தால் நல்லது என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சோதிக்கவில்லை. அடுத்து அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய சோதனை அதுதான். ஆனால் கூடுதல் ஆளை அமர்த்துவதற்கு அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.